கதை சொன்னால் தேதி கேளுங்கள்: ஆங்கில மரபுத்தொடர்களுக்கு ஒரு வழிகாட்டி

மயிலாப்பூரில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தோம். மடிசார் கட்டிய மாமிகள் இரண்டு பேர் எங்களைக் கடந்து போனார்கள். பக்கத்து இலையில் நண்பனின் சித்தப்பா, வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ரசத்துக்குச் சாதத்தில் குழி செய்துகொண்டே சொன்னார்: “இங்கிலீஷ்காரன் ‘த ஹோல் நைன் யார்ட்ஸ்’னு சொல்றானே, அது எங்கேருந்து போச்சு தெரியுமோ? நம்ம ஒன்பது கஜம் புடவையைப் பார்த்துத்தான். முழுசாக் கட்டினாத்தானே மடிசார்!”

சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினோம். ‘மொத்தமும், ஒன்று விடாமல்’ என்பதுதான் அந்தத் தொடரின் பொருள். யார்டு என்பது கஜம். ஒன்பதுக்கு ஒன்பது சரியாக இருக்கிறது. வேறென்ன வேண்டும்? வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் தேடிப் பார்த்தேன். அன்றைக்குத் தொடங்கிய பழக்கம் இன்னும் விடவில்லை. விநோதமான ஆங்கிலத் தொடர் ஒன்று கண்ணில் பட்டால் அதன் பொருளையும் பிறப்பையும் எப்படித் தேடுவது என்று நான் கற்றுக்கொண்டதை வரிசையாக இங்கே எழுதுகிறேன். ஆங்கில நாளிதழ், நாவல், வெப் சீரிஸ் பக்கம் இப்போதுதான் போகத் தொடங்கியிருப்பவர்களுக்காக. ஒரு நோட்டும் ஒரு போனும் போதும். ஒன்பது கஜம் என்ன ஆயிற்று என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

1. வாக்கியத்தை முழுசாக எழுதுங்கள்

தொடரை மட்டும் கிள்ளி எடுக்காதீர்கள். அது வந்த வாக்கியம், அதற்கு முந்தைய வாக்கியம், சொன்னவர் யார், எந்தச் சூழலில் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ‘பாப்ஸ் யுவர் அங்கிள்’ என்பதைத் தனியாகப் பார்த்தால் பாப் என்பவர் உங்கள் மாமா என்று யாரோ சொல்வதுபோல் இருக்கும். “பாலைக் காய்ச்சு, தூளைப் போடு, வடிகட்டு, பாப்ஸ் யுவர் அங்கிள்” என்று முழுசாகப் பார்த்தால் ‘அவ்வளவுதான், வேலை முடிந்தது’ என்பது அகராதி இல்லாமலே புரியும்.

எழுதும்போது சொற்களின் வரிசையையும் அப்படியே எழுதுங்கள். மரபுத்தொடர்கள் உறைந்து போனவை, ஓர் உறுப்பை அசைத்தால் உயிர் போய்விடும். தமிழில் ‘கம்பி நீட்டினான்’ என்றால் ஓடிப்போனான். ‘நீளமான கம்பியை நீட்டினான்’ என்றால் கையில் நிஜமாகவே கம்பி வந்துவிடும். ‘கிக் த பக்கெட்’ என்றால் செத்துப்போவது. அதையே ‘பக்கெட் அவனால் உதைக்கப்பட்டது’ என்று திருப்பிப் போட்டால் தண்ணீர் கொட்டியதாகத்தான் அர்த்தம்.

2. பொருளோடு தொனியையும் பிடியுங்கள்

அகராதியில் பொருள் கிடைத்தவுடன் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பவர்கள் அதிகம். நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் நடந்தது இது. மேலாளரின் தந்தை இறந்துபோனார். அந்த வாரக் கூட்டத்தை ஒத்திவைக்கிறோம் என்று வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் ஆங்கிலத்தில் ஆர்வம் உள்ளவன். ‘எங்கள் மேலாளரின் தந்தை நேற்று கிக்டு த பக்கெட்’ என்று எழுதி, மேலாளருக்கும் நகல் போட்டு அனுப்பிவிட்டான். பொருளில் பிழையே இல்லை. ஆனால் தமிழில் அது ‘எங்கள் மேலாளரின் அப்பா நேற்று மண்டையைப் போட்டார்’ என்று எழுதியதற்குச் சமம். அன்று மாலைவரை அந்தப் பையன் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதனால் பொருளை எழுதிய கையோடு, நிகரான தமிழ்த் தொடரையும் பக்கத்தில் எழுதுங்கள். சொல்லுக்குச் சொல் வேண்டாம், மரியாதையின் அளவு பொருந்தினால் போதும். காலமானார், இறைவனடி சேர்ந்தார், செத்துப்போனான், மண்டையைப் போட்டான் என்று நம்மிடமே எத்தனை படிகள் இருக்கின்றன! ஆங்கிலத் தொடர் இதில் எந்தப் படியில் நிற்கிறது என்று குறித்தால் தொனி பிடிபட்டுவிடும். ‘வொயிட் எலிஃபண்ட்’டுக்கு ‘வெள்ளை யானை’ என்று எழுதுவதைவிட ‘யானையைக் கட்டித் தீனி போடுவது’ என்று எழுதினால் காலத்துக்கும் மறக்காது. ‘ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்பது பேய்மழை. எந்தப் பேய் என்று நாம் என்றாவது கேட்டிருக்கிறோமா?

3. தெரிந்த சொல்லை நம்பாதீர்கள்

தெரியாத சொல் வந்தால் அகராதியைப் புரட்டுவோம். தெரிந்த சொல் வந்தால் புரட்ட மாட்டோம். ஏமாறுவது அங்கேதான்.

நமக்காகவே காத்திருக்கும் குழி ‘கர்ரி ஃபேவர்’. ஒருவரிடம் சலுகை பெற முகஸ்துதி செய்வது என்று பொருள். கர்ரி என்ற ஆங்கிலச் சொல் நம் ‘கறி’யிலிருந்து போர்த்துகீசியர் வழியாகப் போனது என்பது நமக்குப் பெருமையாகத் தெரிந்த செய்தி. உடனே கற்பனை ஓடும்: துரைக்கு விருந்து வைத்துக் காரியம் சாதித்திருப்பார்கள், அதிலிருந்து வந்திருக்கும். பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் முழுக்கத் தப்பு.

இந்தக் கர்ரி வேறு கர்ரி. பழைய பிரெஞ்சிலிருந்து வந்த வினைச்சொல். குதிரையின் உடம்பைத் தேய்த்துச் சீவிச் சுத்தம் செய்வது என்று பொருள். குதிரைக்குப் போடும் பல் வைத்த தேய்ப்பானுக்கு ஆங்கிலத்தில் இன்றும் ‘கர்ரி கோம்ப்’ என்றே பெயர். சரி, ஃபேவர் எங்கிருந்து வந்தது? அதுவும் முதலில் ஃபேவர் இல்லை, ‘ஃபேவல்’. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1310களில், பிரான்சில் ‘ரொமான் த ஃபோவெல்’ என்ற அங்கதக் கவிதை எழுதப்பட்டது. அதன் நாயகன் ஃபோவெல் என்னும் பழுப்பு நிறக் குதிரை. லாயத்தில் இருக்கப் பிடிக்காமல் அரண்மனைக்குள் குடியேறுகிறது. பிரபுக்களும் மதகுருமார்களும் வரிசையில் வந்து அதைத் தேய்த்து, வாரி, அதன் முன் பணிந்து நிற்கிறார்கள். குதிரையின் பெயரில் உள்ள ஆறு எழுத்துகளும் முகஸ்துதி, பேராசை, பொறாமை என்று ஆறு தீயகுணங்களின் முதலெழுத்துகள். அந்தக் குதிரையைத் தேய்ப்பவன், அதாவது ‘கர்ரி ஃபேவல்’ செய்பவன், காரியத்துக்காகக் குழைபவன். பிற்காலத்து ஆங்கிலேயருக்கு ஃபோவெல் யார் என்றே தெரியாமல் போனது. காதுக்கு நெருக்கமாக இருந்த ஃபேவர் என்ற சொல் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

நம்மிடமும் இதே மாதிரி ஒன்று உண்டு. ‘காக்கா பிடிக்கிறான்’ என்கிறோம். ‘கால் கை பிடிப்பது’தான் மருவிக் காக்கா ஆனது என்று விளக்கம் சொல்வார்கள். ஃபேவல் ஃபேவரானதுபோல என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் அதற்கும் அடுத்த படியில் வரும் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் நம்ப வேண்டும். இப்போதைக்கு என் நோட்டில் கர்ரி ஃபேவருக்கு நேரே ‘சோப்புப் போடுதல்’ என்று இருக்கிறது. தேய்ப்பது இரண்டிலும் உண்டே.

‘பியாண்ட் த பேல்’ இன்னொன்று. எல்லை மீறிய, ஏற்கவே முடியாத நடத்தையைச் சொல்வது. பேல் என்றவுடன் வெளிறிய நிறம் நினைவுக்கு வரும். இது அந்தப் பேல் இல்லை. லத்தீனில் ‘பாலுஸ்’ என்றால் நட்டுவைத்த முளைக்கம்பு. அதிலிருந்து வேலி, வேலிக்குள் அடங்கிய நிலம் என்று பொருள் விரிந்தது. டப்ளினைச் சுற்றி ஆங்கிலேயர் ஆண்ட பகுதிக்குப் ‘பேல்’ என்று பெயர் இருந்தது உண்மை. அதற்கு வெளியே இருந்த ஐரிஷ்காரர்களைக் காட்டுமிராண்டிகள் என்று கருதியதால்தான் இந்தத் தொடர் பிறந்தது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். ஆனால் தொடரின் பழைய பயன்பாடுகளில் டப்ளின் வாடையே இல்லை, அந்தத் தொடர்பு பின்னால் ஒட்டவைத்தது என்கிறது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. ‘வேலி தாண்டியது’ என்று எழுதிக்கொண்டால் நமக்குப் போதும்.

‘எக்செப்ஷன் ப்ரூவ்ஸ் த ரூல்’ என்பதை, விதிவிலக்கு இருப்பதே விதி சரி என்பதற்குச் சாட்சி என்று நம்மூரில் பலர் வாதத்தில் எடுத்து வீசுவார்கள். அது எப்படிச் சாட்சியாகும் என்று யோசித்தால் தலை சுற்றும். கொஞ்சம் படித்தவர்கள், ப்ரூவ் என்றால் பழைய ஆங்கிலத்தில் சோதிப்பது, விதிவிலக்கு விதியைச் சோதிக்கிறது என்று திருத்துவார்கள். அந்தப் பழைய பொருள் உண்மை. ‘ப்ரூஃப் ஆஃப் த புட்டிங்’கில் இருப்பது அதுதான்: புட்டிங் எப்படி என்பது தின்று பார்த்தால்தான் தெரியும். ஆனால் இந்தத் தொடருக்கு அது பொருந்தாது. இது சட்டத் துறைச் சரக்கு. கி.மு. 56இல் ரோமில் பால்பஸ் என்பவருக்காக வாதாடிய சிசரோவின் வாதத்திலிருந்து வளர்ந்த கொள்கை. ஒரு கடை வாசலில் ‘ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டி நிறுத்தலாம்’ என்று பலகை இருந்தால், மற்ற நாள்களில் நிறுத்தக் கூடாது என்று யாரும் எழுதாமலே விதி இருப்பது தெரிகிறது அல்லவா? விலக்கைச் சொன்னதாலேயே விதி இருப்பது உறுதியாகிறது. அவ்வளவுதான் விஷயம்.

‘ஈட் ஹம்பிள் பை’ என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தவற்றை ஒப்புக்கொண்டு தலைகுனிவது என்று பொருள். மானின் ஈரல், குடல் முதலிய உள்ளுறுப்புகளுக்கு ‘அம்பிள்ஸ்’ என்று பெயர். அவற்றை வைத்துச் செய்த பை, ‘அம்பிள் பை’. பணிவைக் குறிக்கும் ஹம்பிளுக்கும் இதற்கும் வேர் வேறு. ஒலி ஒத்திருந்ததால் யாரோ சிலேடை செய்ய, அது நிலைத்துவிட்டது.

4. கதைகளைச் சேருங்கள், ஒவ்வொன்றிடமும் தேதி கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு தொடருக்கு இணையத்தில் மூன்று நான்கு பிறப்புக் கதைகளாவது கிடைக்கும். எல்லாவற்றையும் ஒவ்வொரு வரியில் எழுதுங்கள். பிறகு இரண்டு தேதிகளைக் கண்டுபிடியுங்கள். கதையில் வரும் சம்பவம் எப்போது நடந்தது? தொடர் முதன்முதலில் அச்சில் எப்போது வந்தது? தொடர் முந்தி, சம்பவம் பிந்தி என்றால் கதை அங்கேயே செத்தது. சம்பவம் முந்தி, ஆனால் நடுவில் நூற்றுக்கணக்கான ஆண்டு வெறுமை என்றாலும் சந்தேகம்தான்.

ஒன்பது கஜத்துக்கு வருவோம். அமெரிக்காவில் இதற்குச் சொல்லப்படும் கதைகளில் பிரபலமானது இரண்டாம் உலகப் போர் விமானங்களின் துப்பாக்கி ரவைப் பட்டை. அது 27 அடி, அதாவது ஒன்பது யார்டு நீளம், ஒரே மூச்சில் முழுப் பட்டையையும் சுட்டுத் தீர்த்தால் ‘ஹோல் நைன் யார்ட்ஸ்’ என்பார்கள். கான்கிரீட் லாரியின் கொள்ளளவு ஒன்பது கன யார்டு என்பது மற்றொரு கதை. புடவைக் கதையும் இந்த வரிசையில் ஒன்று. தேதி கேட்டவுடன் என்ன ஆனது? 1907, 1908 வாக்கிலேயே அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து உள்ளூர்ப் பத்திரிகையில் ‘ஃபுல் நைன் யார்ட்ஸ்’ என்று வந்திருக்கிறது. உலகப் போருக்கு முப்பது ஆண்டுக்கு மேல் முன்னால். ரவைப் பட்டை அறுந்தது, கான்கிரீட் லாரியும் நின்றுவிட்டது.

அதைவிடப் பெரிய குண்டை ஆய்வாளர்கள் 2012இல் போட்டார்கள். 1912இல் கென்டக்கி மாநிலப் பத்திரிகை ஒன்றில் இதே தொடர் ‘த ஹோல் சிக்ஸ் யார்ட்ஸ்’ என்று ஆறு கஜமாக இருக்கிறது. 1921இல் தென் கரோலினாப் பத்திரிகையின் தலைப்பு ஒன்றிலும் ஆறுதான். எண் ஒரே இடத்தில் நிற்காமல் ஆறும் ஒன்பதுமாக அலைந்திருக்கிறது. அப்படியானால் ஒன்பது எதன் நீளம் என்று தேடுவதே வீண். நாம் ‘நூறு தடவை சொன்னேன்’ என்பதும் ‘ஆயிரம் தடவை சொன்னேன்’ என்பதும் எண்ணிச் சொல்வதா என்ன? மகிழ்ச்சியின் உச்சியைச் சொல்லும் ‘கிளவுட் நைன்’கூட ஏழாம் மேகமாகவும் எட்டாம் மேகமாகவும் இருந்து பார்த்ததுதான்.

மேலே சொன்ன பாப் மாமாவையும் இதே தராசில் வையுங்கள். 1887இல் பிரிட்டிஷ் பிரதமர் சாலிஸ்பரி பிரபு தன் மருமகன் ஆர்தர் பால்ஃபரை அயர்லாந்து விவகாரங்களுக்கான தலைமைச் செயலராக்கினார். சாலிஸ்பரியின் பெயர் ராபர்ட், செல்லமாகப் பாப். மாமா பாப்பாக இருந்தால் பதவி தானாக வரும் என்று ஊரே பேசியதிலிருந்து தொடர் வந்தது என்பது கதை. நம்மூர் ஆளுக்கு இதை நம்பச் சொல்லியே தரவேண்டாம். ஆனால் இந்தத் தொடர் அச்சில் தலைகாட்டுவது 1924இல், ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் நடந்த ஒரு கேளிக்கை நிகழ்ச்சியின் பெயராக. நடுவில் 37 ஆண்டு. பரபரப்பான அரசியல் கிண்டல் அத்தனை காலம் ஒரு பத்திரிகையிலும் வராமலா இருந்திருக்கும்? என் நோட்டில் இதற்கு நேரே ஒரு கேள்விக்குறி.

ரகசியத்தை உடைப்பதைச் சொல்லும் ‘ஸ்பில் த பீன்ஸ்’ இன்னும் மோசம். பண்டைய கிரேக்கர்கள் அவரை விதை போட்டு ஓட்டளித்தார்கள், பானை கவிழ்ந்து ரகசியம் கொட்டிவிட்டது என்கிறார்கள். தொடரோ 20ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. நடுவே இரண்டாயிரம் ஆண்டு அந்த அவரை எங்கே இருந்தது?

நாயும் பூனையுமாகக் கொட்டும் மழைக்கு வருகிறேன். 1999இல் ‘1500களின் வாழ்க்கை’ என்ற பெயரில் ஒரு மின்னஞ்சல் உலகம் முழுக்கச் சுற்றியது. நம் வாட்ஸ்அப் ஃபார்வேர்டுகளுக்கு மூத்த அண்ணன். அந்தக் காலத்தில் கூரை வீடுகள், நாயும் பூனையும் கதகதப்புக்காகக் கூரையில் படுத்திருக்கும், மழை பெய்தால் வழுக்கிக் கீழே விழும், அதனால் இந்தத் தொடர் என்றது. கூரை வீட்டில் ஒருநாளாவது இருந்தவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பூனை கூரைக்கு ஏறும், சரி. ஏறினாலும் மழை தொடங்கினால் உள்பக்கம் புகுந்துகொள்ளும். நாய் எதற்கு ஐயா கூரை மேல் போகிறது? திண்ணைக்கு அடியில் சுருண்டுகொள்ளும். இங்கே தேதிகூட வேண்டாம், கூரையைப் பார்த்த கண் போதும். தேதியும் வேண்டும் என்றால்: 1653இல் அச்சான ரிச்சர்ட் புரோமின் நாடகத்தில் நாயும் மரநாய் போன்ற ‘போல்கேட்’டும் மழையாகப் பெய்கின்றன. இன்றைய வடிவத்தில் பூனையும் நாயும் ஜொனாதன் ஸ்விஃப்ட் 1738இல் வெளியிட்ட நூலில் வருகின்றன. மேல்தட்டு மக்கள் பேசும் தேய்ந்த தொடர்களைக் கிண்டல் செய்யும் நூல் அது. அப்போதே அது புளித்துப்போன தொடராக இருந்திருக்கிறது.

5. மூக்கில் வியர்க்க வேண்டிய இடங்கள்

சில அடையாளங்களைக் கண்டவுடனே உஷாராகலாம். முதலாவது, முதலெழுத்துக் கதை. பணக்காரத்தனமான, பகட்டான என்று பொருள்படும் ‘பாஷ்’ என்ற சொல்லைப் பற்றிய கதையில் இந்தியாவும் வருகிறது. பி அண்ட் ஓ கம்பெனிக் கப்பல்களில் இந்தியாவுக்கு வரும் பணக்காரத் துரைமார், வெயில் படாத அறை வேண்டி வரும்போது இடப்புறமும் திரும்பும்போது வலப்புறமும் பதிவு செய்வார்களாம். ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்’ என்பதன் நான்கு முதலெழுத்துகளை டிக்கெட்டில் முத்திரை குத்துவார்களாம். அதிலிருந்து பாஷ். இன்றுவரை அப்படி முத்திரை குத்திய ஒரு டிக்கெட்டும் அகப்படவில்லை. பாஷ் என்ற சொல் 1910களிலேயே அச்சில் இருக்கிறது, கப்பல் கதை 1930களில்தான் கிளம்புகிறது. முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் உண்டாக்குவது 20ஆம் நூற்றாண்டில் பெருகிய வழக்கம். அதற்கு முந்தைய எந்தச் சொல்லுக்கும் யாராவது முதலெழுத்து விளக்கம் கொடுத்தால் காதில் பூ சுற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஒரு பெரிய வரலாற்றுச் சம்பவத்தோடு ஒட்டவைத்த கதை. ‘பைட் த புல்லட்’ என்றால் வேதனையைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது. 1857 கலகத்தில் சிப்பாய்கள் கொழுப்புத் தடவிய தோட்டா உறையைப் பல்லால் கடிக்க வேண்டியிருந்ததே, அதிலிருந்து வந்தது என்று நம் நாட்டில் சொல்வார்கள். ஆனால் பிரான்சிஸ் குரோஸ் என்பவர் தொகுத்த கொச்சைச் சொல் அகராதியின் 1796 பதிப்பிலேயே, கசையடி வாங்கும் சிப்பாய் கத்தாமல் இருக்க ஈயக் குண்டை மென்றுகொண்டிருப்பான் என்று இருக்கிறது. கத்துபவனுக்குச் சக சிப்பாய்கள் வைத்த பட்டப்பெயர் ‘நைட்டிங்கேல்’, பாடும் பறவை. 1857க்கு அறுபது ஆண்டு முன்னால். (இந்த குரோஸ் சுவாரசியமான ஆசாமி. ராத்திரி நேரத்தில் லண்டன் சந்துகளிலும் சாராயக் கடைகளிலும் சுற்றிச் சொல் சேகரித்தவர்.)

இதை எழுதும்போது நம் பழமொழிகளுக்கு வரும் ‘உண்மையான அர்த்தம்’ வகைச் செய்திகள் நினைவுக்கு வருகின்றன. ஆயிரம் பேரைக் கொன்றவன் இல்லை, வேரைக் கொன்றவன். களவும் கற்று மற இல்லை, களவும் கத்தும் மற. அவற்றில் சரியானதும் இருக்கலாம். ஆனால் அனுப்புகிறவர்களில் ஒருவரிடமாவது, பழைய ஏட்டில் எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பதில் வாங்கியிருக்கிறீர்களா?

6. சில கதைகள் உண்மையானவை

எல்லாவற்றையும் சந்தேகித்தே பழகினால் நல்லதையும் தவறவிடுவோம். ‘ஸ்டீல் சம்ஒன்ஸ் தண்டர்’, அதாவது அடுத்தவனுக்குக் கிடைக்கவேண்டிய பெயரைத் தட்டிப் பறிப்பது, பிறந்தது நாடகக் கொட்டகையில். ஜான் டென்னிஸ் என்பவர் 1709இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் தன் நாடகத்துக்காக இடி ஓசை எழுப்பப் புது உத்தி ஒன்றைச் செய்தார். நாடகம் படுத்துவிட்டது, எடுத்துவிட்டார்கள். சில நாள் கழித்து அதே அரங்கில் மேக்பெத் பார்க்கப் போகிறார். மேடையில் அவருடைய இடி! என் நாடகத்தை ஓட விடவில்லை, என் இடியை மட்டும் திருடுகிறார்கள் என்று எழுந்து கத்தினாராம். சொன்ன வார்த்தை ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறுகிறது. ஆளும் அரங்கும் நாடகமும் பதிவில் இருக்கின்றன.

‘ரீட் த ரயட் ஆக்ட்’டுக்கு அச்சில் சட்டமே இருக்கிறது. இன்று அந்தத் தொடருக்கு ‘இனி இப்படி நடந்தால் தொலைத்துவிடுவேன்’ என்று கண்டிப்பது பொருள். வீட்டுக்குத் தாமதமாக வரும் பிள்ளைக்கு அம்மா ரயட் ஆக்ட் படிப்பார். 1715 ஆகஸ்ட் 1ஆம் தேதி பிரிட்டனில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டப்படி, பன்னிரண்டு பேரோ அதற்கு மேலோ கூடிக் கலவரம் செய்தால், மாஜிஸ்ட்ரேட் அவர்கள் முன் போய் நின்று ஓர் அறிவிப்பை உரக்கப் படிக்க வேண்டும். மன்னரின் ஆணை, உடனே கலைந்து போங்கள் என்பது சாரம். படித்து ஒரு மணி நேரம் கழிந்தும் கலையாமல் நின்றால் மரண தண்டனைவரை போகலாம். கல்லெறியும் கூட்டத்துக்கு நடுவில் ஒருவர் காகிதத்தைப் பிரித்து, தொண்டையைச் செருமி, வரி விடாமல் படிக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். வரி விட்டால் வம்பு. ‘கடவுள் மன்னரைக் காப்பாராக’ என்ற கடைசி வரியைப் படிக்காததால் வழக்கே தோற்றுப்போனதுண்டு. இப்படிச் சட்டமோ பதிவோ கையில் கிடைக்கும்போது தயங்காமல் நம்புங்கள்.

7. எங்கே தேடுவது

தேடுபெட்டியில் தொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இல்லாவிட்டால் பக்கெட் விற்கும் கடைகள்தான் வரும். பொருளுக்கு மெரியம்-வெப்ஸ்டர் போன்ற இலவச அகராதி போதும். பிறப்புக்கு முதலில் எட்டிம்ஆன்லைன் என்ற இணையதளம், பிறகு மைக்கேல் குவினியன் நடத்திய வேர்ல்ட் வைட் வேர்ட்ஸ் தளம். கொச்சைத் தொடர் என்றால் கிரீன்ஸ் டிக்‌ஷனரி ஆஃப் ஸ்லாங், இணையத்தில் இலவசம். கடைசி நீதிமன்றம் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. 1884இல் முதல் பகுதி வந்து 1928இல் முடிந்த அந்த வேலைக்கு, படிக்கும் புத்தகங்களிலிருந்து வாக்கியங்களைத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பியவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் கிடைத்தவற்றில் மிகப் பழைய மேற்கோள் ஆண்டோடு இருக்கும். இணையத்தில் கட்டணம் உண்டு.

கூகிள் புக்ஸில் நீங்களே தேதி தேடலாம். ஒரு எச்சரிக்கை: நூறு ஆண்டு வெளிவந்த பத்திரிகையின் எல்லா இதழுக்கும் அது தொடங்கிய ஆண்டையே சில சமயம் போட்டிருப்பார்கள். 1850 என்று காட்டும் பக்கத்தைத் திறந்தால் உள்ளே கார் விளம்பரம் இருக்கும். பக்கத்தைக் கண்ணால் பார்க்காமல் ஆண்டை நோட்டில் ஏற்றாதீர்கள்.

8. ஓர் அட்டை எழுதுங்கள்

என் நோட்டிலிருந்து ஒன்றை அப்படியே தருகிறேன்.

தொடர்: ரெட் ஹெர்ரிங். 
வந்த இடம்: துப்பறியும் தொடர், இரண்டாம் பகுதி. தோட்டக்காரன் மேல் விழுந்த சந்தேகம் வெறும் ரெட் ஹெர்ரிங் என்கிறார் இன்ஸ்பெக்டர். 
பொருள்: கவனத்தைத் திசைதிருப்பும் பொய்த் தடயம். 
தொனி: பொதுவானது, எங்கும் எழுதலாம். 
சொல்: ஹெர்ரிங் மீனை உப்பிட்டுப் புகை போட்டுச் சிவப்பாக்குவது. நம் கருவாட்டுக்குத் தம்பி. நாற்றமும் அப்படியே. 
கதை 1: வேட்டை நாய்களைப் பழக்க, தடத்தின் குறுக்கே இந்த மீனை இழுத்துக் குழப்புவார்கள். வழக்கமாக அப்படிச் செய்ததற்குச் சான்று இல்லை. 
கதை 2: வில்லியம் காபெட் என்ற பத்திரிகையாளர் 1807 பிப்ரவரியில் எழுதியது. சிறுவயதில் முயலைத் துரத்திய நாய்களை இந்த மீனை இழுத்துத் திசைதிருப்பினேன் என்று ஒரு கதை சொல்லி, நெப்போலியன் தோற்றதாக வந்த பொய்ச் செய்தியை நம்பி உள்நாட்டு விவகாரங்களை மறந்த பத்திரிகைகளைக் கிண்டலடிக்கிறார். 
தீர்ப்பு: கதை 2. உவமையைப் பரப்பியது காபெட்தான்.

தீர்ப்பு எழுத முடியாத அட்டைகளும் வரும். ‘கிக் த பக்கெட்’ குரோஸின் 1785 பதிப்பிலேயே இருக்கிறது. தூக்கு மாட்டிக்கொள்பவன் ஏறி நின்ற வாளியை உதைப்பதாக ஒரு கதை. பன்றியை அறுத்துத் தலைகீழாகத் தொங்கவிடும் உத்தரத்துக்கு வட்டார வழக்கில் பக்கெட் என்று பெயர், சாகும்போது அது காலை உதறி உத்தரத்தில் இடிக்கும் என்பது மற்றொன்று. அகராதிக்காரர்கள் இரண்டாவதன் பக்கம் சாய்கிறார்கள், ‘ஒருவேளை’ என்ற சொல்லோடு. நானும் ‘ஒருவேளை’ என்று எழுதி விட்டுவைத்திருக்கிறேன்.

மடிசார் அட்டையை முடித்த பிறகு அந்தச் சித்தப்பாவை இன்னொரு விசேஷத்தில் பார்த்தேன். பழைய பத்திரிகையின் படத்தைப் போனில் காட்டி, “மாமா, 1912இல் இது ஒன்பது கஜமே இல்லை, ஆறு கஜம்” என்றேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நிதானமாகப் படித்தார்.

“ஆறு கஜமா? அப்ப மடிசார் இல்லைடா. சாதாரணப் புடவை!”